மீசை, பூசை, திருப்பலி, மாஸ்

ஞாயிற்றுக்கிழமை காலை சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில், கோயிலுக்குக் கிளம்பி நிற்கும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள், எங்கே போகிறீர்கள் என்று. பாட்டி, “பூசைக்கு” என்பார். மகன், “திருப்பலிக்கு” என்பார். பேரன், “மாஸுக்கு” என்பான். மருமகள், “கோயிலுக்கு” என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். நால்வரும் ஏறுவது ஒரே ஆட்டோவில். இறங்குவது கீழவெளி வீதியில், வியாகுல மாதா பேராலயத்து வாசலில்.

இந்த வரிசையில் இன்னொரு சொல்லும் உண்டு. அதைச் சொன்னவர்கள் போய்ச் சேர்ந்து நானூறு வருஷம் ஆகிறது. அவர்கள் “மீசை” என்றார்கள்.

மீசைக்குக் காரணம் லத்தீன். கத்தோலிக்க வழிபாட்டுக்கு அந்த மொழியில் ‘மிசா’ என்று பெயர். முத்துக்குளித்துறையில் பரதவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த போர்த்துகீசியப் பாதிரிமார்கள் அதை மொழிபெயர்க்கவில்லை. கேட்டவர் காதில் அது மீசையாக விழுந்தது, சாமியார் மீசைக்கு அப்படி என்ன மகிமை என்று ஊரார் சிரித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. (தமிழ்நாட்டில் இன்று மிசா என்றால் 1976 ஜெயில்தான் ஞாபகம் வரும். அது வேறு கதை.) அந்தச் சிரிப்பை நிறுத்தப் புறப்பட்டவர்களின் சொல்தான் ‘பூசை’. அப்படிச் செய்தவரைத் திருச்சபையை அஞ்ஞானிகளிடம் விற்கிறார் என்று மேலிடத்துக்குப் புகார் எழுதினார்கள். இன்றைக்கோ ‘பூசை’ என்று சொல்பவர்தான் பழமைவாதி.

பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கத்தோலிக்கர்களுக்கும் அவர்களுடைய தலைமைக்கும் நடக்கும் தகராறு சில வருஷங்களாக உலகச் செய்தி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 1969-இல் புதிய வழிபாட்டு முறை வந்தது. பழைய லத்தீன் பூசை கிட்டத்தட்ட மறைந்தது. 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அதற்குத் தாராளமாக அனுமதி கொடுத்தார். 2021 ஜூலை 16 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அந்தக் கதவை முக்கால்வாசி சாத்தினார். ஆயர் அனுமதி வேண்டும்; புதிதாகக் குருப்பட்டம் பெற்றவர் கேட்டால் ஆயர் ரோமையும் கலந்தே முடிவு சொல்ல வேண்டும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கதவைத் தட்டுகிறவர்களில் பலர் கிழவர்கள் இல்லை. அந்தப் பூசை மறைந்து வெகுகாலம் கழித்துப் பிறந்தவர்கள். தாத்தா தலைமுறை கிட்டாரையும் தாய்மொழியையும் கோயிலுக்குள் கொண்டுவந்து மகிழ்ந்தது. பேரன் தலைமுறையில் சிலர் யூடியூபில் லத்தீன் பூசை பார்த்துவிட்டு, முழங்கால்படியிட்டு நாவில் நன்மை வாங்க வேண்டும் என்கிறார்கள். ஆயர்கள் தாத்தா பக்கம்.

மதுரையில் இந்தச் சத்தம் பெரிதாகக் கேட்பதில்லை. ஆனால் சண்டைக்கு மிகப் பழைய ஊர் இதுதான்.

1606

அந்த வருஷம் நவம்பரில் இருபத்தொன்பது வயது இத்தாலியர் ஒருவர் மதுரைக்கு வந்தார். ராபர்ட் தெ நொபிலி. அப்போது இங்கே ஏற்கெனவே ஒரு சேசு சபைக் குரு இருந்தார். போர்ப்படையில் இருந்து துறவுக்கு வந்த போர்த்துகீசிய முதியவர், கொன்சாலோ பெர்னாண்டஸ். பத்து வருஷத்துக்கு மேல் மதுரையில் இருந்தும், கடற்கரையிலிருந்து வணிகத்துக்கு வந்த பரதவக் கிறிஸ்தவர்களைத் தவிர உள்ளூரில் ஒருவரும் அவரிடம் சேரவில்லை. காரணம் நொபிலிக்குச் சீக்கிரம் புரிந்தது. ஞானஸ்நானம் கேட்டு வருகிறவரிடம், பரங்கி குலத்தில் சேரச் சம்மதமா என்ற பொருளில்தான் கேள்வியே கேட்கப்பட்டது. பரங்கி என்றால் மாடு தின்பவன், கள் குடிப்பவன், குளிக்காதவன். எந்த மதுரைக்காரன் சம்மதிப்பான்?

நொபிலி தனி வீடு பார்த்துக்கொண்டு போனார். கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தினார். மரக்கறி உண்டார், தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் படித்தார், தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். தன்னிடம் சேர்ந்தவர்கள் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை என்றார். கோயில், குரு, வேதம், பூசை எல்லாம் கத்தோலிக்கத் தமிழுக்குள் உறுதியாக உட்கார்ந்தது இப்படித்தான்.

பெரியவர் கொதித்தார். 1610-இல் மேலிடத்துக்கு அவருடைய புகார் போனது. இந்த இளைஞர் அஞ்ஞானச் சடங்குகளை உள்ளே விடுகிறார், பழைய கிறிஸ்தவர்களோடு சேராமல் தனிக்கோயில் வைத்திருக்கிறார் என்பது அதன் சாரம். ரோமில் கர்தினாலாக இருந்த நொபிலியின் உறவினர் பெல்லார்மினே முதலில் கேட்டுத் திடுக்கிட்டார். 1619-இல் கோவாவில் பேராயர் தலைமையில் கூடிய சபையில் பெரும்பாலோர் நொபிலிக்கு எதிர். கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று பதினைந்தாம் கிரகோரி பூணூலுக்கும் குடுமிக்கும் சந்தனத்துக்கும் நீராட்டுக்கும் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார். புகாருக்கும் தீர்ப்புக்கும் நடுவே பதிமூன்று வருஷம்.

இந்தக் கதையில் பெர்னாண்டஸை வில்லனாக்குவது நம் வழக்கம். நான் அவர் பக்கம் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். அவர் சொன்னதில் ஒன்று உண்மை. நொபிலி தமிழ்ப் பண்பாட்டை உள்ளே கொண்டுவந்தார், கூடவே சாதியையும் கொண்டுவந்தார். நொபிலியின் கோயிலில் பரதவருக்கு இடமில்லை. பண்பாடு எது, சாதி எது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு மனமும் இல்லை, காலமும் இடம் கொடுக்கவில்லை. அதற்குப் பின்னால் வந்தவர்கள் விலை கொடுத்தார்கள்.

ரோம் கொடுத்ததை ரோமே திரும்ப எடுத்துக்கொண்டது. புதுச்சேரியில் வந்து இறங்கிய பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704-இல் ஒரு தடைப்பட்டியல் போட்டார். நெற்றியில் திருநீறு கூடாது, தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, பெண் சமைந்தால் சடங்கு கூடாது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் இறுதி முத்திரை வைத்தார். அதற்குக் கீழ்ப்படிவதாக மிஷனரிகள் சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சத்தியம் 1940-இல்தான் நீங்கியது. தூர்னோன் பட்டியலில் ஒரு நல்ல வரியும் இருந்தது: சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குருவானவர் போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும். நம் மிஷனரிகள் அதற்கும் விலக்குக் கேட்டார்கள். கடைசியில் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கலாம் என்று சமரசம் ஆயிற்று.

கோவா சாமியாரும் பிரெஞ்சு சாமியாரும்

1773-இல் ரோம் சேசு சபையையே கலைத்தது. மதுரை மிஷனைக் கோவாக் குருக்கள் பார்த்துக்கொண்டார்கள். 1838-இல் பிரெஞ்சு சேசு சபையினர் ரோமின் கடிதத்தோடு வந்து இறங்கி, இனி நாங்கள்தான் என்றபோது ஊர் ஊராகக் கோயில்கள் இரண்டாகப் பிரிந்தன. அறுபத்தைந்து வருஷத்தில் மூன்று தலைமுறை கோவா சாமியார் கையில் ஞானஸ்நானம் வாங்கி, அவர் கையால் மண்ணுக்குப் போயிருந்தது. அந்தக் குடும்பங்களுக்குக் கோவா சாமியார்தான் பாரம்பரியம், பாப்பரசரின் ஆணையோடு வந்தவர் அந்நியர். சாவிக்கும் சப்பரத்துக்கும் கோர்ட்டு வரை போனார்கள்.

அதே காலத்தில்தான் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளி வீதிகளைப் போட்டார். இன்று சிம்மக்கல்லில் இருந்து பேராலயத்துக்கு ஆட்டோ ஓடுவது அந்த மதில் நின்ற வளைவில்தான். கோயிலுக்குள் இருந்த சுவர்களை இடிக்க இன்னும் எழுபது வருஷம் ஆனது.

வடக்கன்குளத்தில் 1872-இல் மதுரை மிஷன் ஒரு கோயில் கட்டியது. கால்சட்டை போன்ற வடிவம்: பீடத்தில் சேரும் இரண்டு கால்கள். ஒரு காலில் வேளாளர், இன்னொன்றில் நாடார் முதலான மற்றவர்கள். இருவரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. சாதிக்குக் கட்டடக்கலை கொடுத்த மரியாதை என்று இதைச் சொல்லலாம். 1910-இல் காவுசானல் அடிகள் நடுச்சுவரை இடித்துத் தள்ளினார். வேளாளக் கத்தோலிக்கர்கள் வழக்குப் போட்டார்கள். தனி இடம் எங்கள் வழிவழி உரிமை, எங்கள் முன்னோர் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் கோயிலுக்குக் கொடுத்தார்கள் என்பது வாதம். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்தே என்று அந்த வழக்கு இன்றும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. கத்தோலிக்க வீடுகளில் வேளாங்கண்ணி நவநாள் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய புத்தகம்.

பாரம்பரியத்துக்காகத் தலைமையை எதிர்த்து நிற்கும் பொதுநிலையினர் என்றதும் நமக்கு ஒரு பரிவு வருகிறது. வடக்கன்குளம் அந்தப் பரிவை ஒரு கணம் நிறுத்துகிறது. அது நூறு வருஷத்துக்கு முந்திய கதை என்று நினைப்பவர்கள் 2008 மார்ச் 9-ஐ நினைத்துக்கொள்ளலாம். விழுப்புரம் பக்கம் ஏறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதில் வெடித்த கலவரம் போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போய் இரண்டு உயிர் போயிற்று.

பன்னிரண்டு

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் தாய்மொழிக்குக் கதவு திறந்தது. சில வருஷத்துக்குள் குருவானவர் முகம் மக்கள் பக்கம் திரும்பியது, லத்தீன் தமிழானது. மந்திரம் போல் ஓதிக்கொண்டிருந்த பதில்களின் பொருள் முதல்முறையாகக் காதில் விழுந்தது. சிலருக்கு அது வரம். சிலருக்கு வீட்டுப் பூட்டை யாரோ மாற்றிவிட்டது போல் இருந்தது.

அடுத்து வந்ததுதான் பெரிய சண்டை. தென்னார்க்காட்டுக் கல்லேரியில் பிறந்த அமலோர்பவதாஸ் அடிகள், கர்தினால் லூர்துசாமியின் தம்பி, பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை நடத்தினார். ஆயர்கள் கேட்டு, 1969 ஏப்ரல் 25 அன்று ரோம் இந்திய வழிபாட்டுக்குப் பன்னிரண்டு அம்சங்களை அனுமதித்தது. செருப்பைக் கழற்றித் தரையில் உட்காரலாம். மண்டியிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்கலாம். பீடத்தை முத்தமிடாமல் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மெழுகுவர்த்திக்குப் பதில் குத்துவிளக்கு, கனத்த அங்கிக்குப் பதில் அங்கவஸ்திரம். ஆரத்தி எடுக்கலாம்.

சாந்தோமில் இருந்து எழுதிய விக்டர் குழந்தை என்ற பத்திரிகையாளர் இதை எதிர்த்துப் பொதுநிலையினரைத் திரட்டினார். இந்தியத் திருச்சபை அஞ்ஞானமயமாகிறது என்று பொருள்படும் தலைப்பில் எண்பதுகளில் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். பெர்னாண்டஸ் 1610-இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதேதான். முன்பு மூத்தவர் இளையவர் மேல் சொன்ன புகார், இப்போது விசுவாசிகள் ஆயர்கள் மேல் சொன்ன புகாராகியிருந்தது. 1975-இல் ரோம், பூசையில் பிற சமய நூல்களை வாசிப்பதையும் இந்தியாவுக்கென்று எழுதப்பட்ட தனிப் பலி மன்றாட்டையும் நிறுத்தச் சொன்னது. பன்னிரண்டு அம்சங்கள் மட்டும் பிழைத்தன.

எதிர்ப்பு அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களில் பெரும்பான்மையான தலித் மக்களிடமிருந்து வந்த கேள்வி இன்னும் கூர்மையானது. எதை இந்தியப் பண்பாடு என்கிறீர்கள்? எங்கள் பாட்டனைக் கோயிலுக்குள் விடாத சடங்கை எங்கள் கோயிலுக்குள் எதற்குக் கொண்டுவருகிறீர்கள்? பறையை விட்டுவிட்டு வீணையை ஏன் எடுத்தீர்கள்? நொபிலிக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி முந்நூற்றைம்பது வருஷம் தாமதமாக வந்தது.

இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு ஆகஸ்ட் கடைசியில் நெடுஞ்சாலைக்கு வாருங்கள். காவி உடுத்தி, வெறுங்காலோடு, மாதா சப்பரத்தை இழுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். முடி இறக்குகிறார்கள், உப்பும் மிளகும் காணிக்கை போடுகிறார்கள். இதற்கு ரோமில் யாரும் கையெழுத்துப் போடவில்லை, இதை எதிர்த்து எந்தப் பழமைவாதியும் புத்தகம் எழுதவில்லை. குருவானவர் தோளில் ஆணையின் பேரில் விழுந்த காவித்துண்டு சண்டையானது. மக்கள் தாங்களாகவே கட்டிக்கொண்ட காவிவேட்டி பக்தியானது. நானூறு வருஷத்துக் கதையில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: வழிபாட்டைப் பற்றிய சண்டை என்று வெளியே தெரிவது பெரும்பாலும், எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்ற சண்டை.

சின்னப்பர் எங்கே போனார்?

சத்தமில்லாமல் நடந்த ஒரு சண்டையையும் சொல்ல வேண்டும். 1995-இல் கத்தோலிக்கரும் மற்ற கிறிஸ்தவ சபையினரும் சேர்ந்து ‘திருவிவிலியம்’ என்ற பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். நல்ல தமிழ், நல்ல நோக்கம். ஆனால் ஒற்றுமைக்காகப் பெயர்களைப் பொதுவாக்கியபோது இராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார், அருளப்பர் யோவானானார். சேசு ஏற்கெனவே இயேசுவாகியிருந்தார். சம்மனசு வானதூதர், ஞானஸ்நானம் திருமுழுக்கு, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு.

சின்னப்பர் என்பது எவ்வளவு அழகான மொழிபெயர்ப்பு! லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். யாரோ ஒருவர் அந்தப் பொருளைப் பிடித்து அதற்கு ஒரு தமிழ் அப்பனைச் சேர்த்திருக்கிறார். மதுரையில் ரேஷன் கார்டைத் திறந்தால் இராயப்பனும் சின்னப்பனும் அருளப்பனும் சூசையும் இருக்கிறார்கள். பைபிளைத் திறந்தால் இல்லை. தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு சின்னப்பன் பேரனுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. இந்த இழப்புக்கு யாரும் கொடி பிடிக்கவில்லை. பாட்டிகள் மட்டும் பழைய செபங்களைப் பழைய சொற்களிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது ஒருவகை ஒத்துழையாமை.

பக்கத்து வீடு

கேரளத்தில் அப்படி அமைதியாக முடியவில்லை. சீரோ மலபார் சபையின் ஆயர் மன்றம், பூசையின் பாதியில் குரு மக்களைப் பார்க்க வேண்டும், மறுபாதியில் பீடத்தைப் பார்க்க வேண்டும், எல்லா இடத்திலும் ஒரே முறை என்று 2021-இல் முடிவெடுத்தது. எர்ணாகுளம்-அங்கமாலி உயர்மறைமாவட்டத்துக் குருக்களும் மக்களும் மறுத்தார்கள். 2022 நவம்பரில் புனித மரியன்னை பசிலிக்கா பூட்டப்பட்டது. பாப்பரசரின் பிரதிநிதியாக வந்த பேராயர் சிரில் வாசில் மேல் முட்டை வீசினார்கள். 2023 டிசம்பரில் சபையின் தலைவர் கர்தினால் ஆலஞ்சேரி பொறுப்பிலிருந்து விலகினார். 2025 ஜூலை 3 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பூசையாவது புதிய முறையில் நடக்கும் என்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

அங்கே பழமையான கிழக்கத்திய மரபை மீட்கிறோம் என்றது தலைமை. மக்களைப் பார்த்துப் பூசை செய்யும் ஐம்பது வருஷப் பழக்கத்தைப் பாரம்பரியமாகப் பிடித்துக்கொண்டது எதிர்த்தரப்பு. ரோமிடம் லத்தீன் கேட்டுப் போராடுபவர்களின் கதைக்கு இது நேர் தலைகீழ். யாருக்குப் பாட்டி காலத்தில் எது நடந்ததோ அதுவே அவருக்கு ஆதிகாலம்.

தமிழ்நாட்டிலும் லத்தீன் பூசை அடியோடு அற்றுப்போகவில்லை. 1970-இல் பேராயர் லெபெவ்ர் தொடங்கிய, ரோமோடு இன்றுவரை முழுதாக ஒட்டாத பத்தாம் பத்திநாதர் சபைக்குப் பாளையங்கோட்டையில் ஓர் இல்லம் உண்டு. எண்ணிக்கையில் சிறிய கூட்டம். ஆயர்கள் அவர்களைக் கண்டும் காணாமலும் போகலாம். ஆனால் கைபேசியில் அதே லத்தீன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளையைக் கண்டும் காணாமல் போக முடியாது. அவனுக்கு வேண்டியது லத்தீனா, அல்லது மைக் அலறாத ஒரு மணி நேர மௌனமா என்று கேட்டாலே பாதி விடை கிடைக்கும். ஸ்பீக்கர் பாக்ஸும் கீபோர்டும் இல்லாத பூசையை நகரத்துப் பங்குகளில் நானும் தேடிப் பார்த்திருக்கிறேன். காலை ஐந்தரை மணிப் பூசைதான் ஒரே வழி.

2021-இல் தொடங்கி 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றத்துக்காக ரோம் பங்குகள்தோறும் மக்களைக் கேட்கச் சொன்னது. தமிழ்நாட்டில் அதற்கென்று புதிதாக ஒரு அமைப்பு வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு அன்பியங்கள் என்ற சிறு குழுக்கள் இருக்கின்றன. வீட்டுத் திண்ணையில் கூடி விவிலியம் வாசித்து, டீ குடித்துக் கலைகிறார்கள்.

ஆயர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை ஒரு சொல்லையோ சடங்கையோ மாற்றுவதாக இருந்தால், அச்சகத்துக்கு அனுப்பும் முன் அந்தத் திண்ணைக்கு அனுப்புங்கள். பூசை என்பவரையும் மாஸ் என்பவனையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கும் சாதிச் சுவரை இடிப்பதாக இருந்தால் மட்டும் யாரையும் கேட்க வேண்டாம்.